தாள் காயாத ஊரில் காட்டை வரைவது

பட்டர்வொர்த்திலிருந்து எழுதியிருக்கும் நண்பர், இதுவரை வீட்டில் புகைப்படத்தைப் பார்த்து நீர்வண்ணம் தீட்டிப் பழகியவர். இனிப் பினாங்குத் தாவரவியல் பூங்காவிலும் கொடிமலை (பினாங்கு ஹில்) பாதையிலும் நேரில் அமர்ந்து மரங்களை வரைய வேண்டும், அதற்கு நீர்வண்ணம், மை, அக்ரிலிக், பேஸ்டல் என்னும் வண்ணக்கட்டி எல்லாவற்றையும் கலந்து பயன்படுத்த வேண்டும், என்னென்ன வாங்கலாம் என்று கேட்கிறார். இரண்டு முறை போய் வரைந்ததில் படம் 'கீரை மசியல் போல' ஆகிவிட்டது என்ற வரியையும் போகிற போக்கில் சேர்த்திருக்கிறார். வாங்கும் பொருள்களைப் பற்றிய கேள்வியாகத்தான் அது எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அவருக்கு உண்மையில் வேண்டிய பதில் அந்தக் கீரை மசியலுக்குத்தான் என்று நினைக்கிறேன். நம் காட்டுப் பச்சையை எப்படிப் பிரித்துப் பார்ப்பது, ஈரம் வற்றாத காற்றில் எதன் மேல் எதை எப்போது வைப்பது என்ற இரண்டும் தெளிந்துவிட்டால், கடையில் வாங்க வேண்டியவை மிகக் குறைவு.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப்பள்ளியில் காட்சிக்கலைக் கல்வி கற்பித்து ஓய்வு பெற்றவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரும்பாலான ஞாயிறு காலைகளில், பூங்காவை அடுத்து முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலைப் பக்கம் தாளும் தண்ணீருமாக அலைபவன். ஓவியங்களைப் பாதுகாக்கும் துறையில் எனக்குப் பயிற்சி கிடையாது. எண்ணெய் வண்ணத்தை வெளியே எடுத்துச் சென்று ஒழுங்காகப் பழகியதும் இல்லை என்பதால் அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. வண்ணப் பொருள்களின் இயல்பு பற்றிக் கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி ஐயத்துக்கு இடமற்றது. நேரக் கணக்குகளும் விருப்பு வெறுப்புகளும் என் அனுபவம் மட்டுமே.

முதலில் பச்சை. இலைக்கு ஒரு நிறம் இருப்பதாக நினைத்து வரைவதுதான் மசியலுக்குக் காரணம். நம் மரங்களில் பலவற்றின் இலைகள் தடித்தவை, மெழுகு பூசியதுபோன்ற மேற்பரப்பு உடையவை. அந்தப் பரப்பு வானத்தைத் திருப்பிக் காட்டுகிறது. ஆகையால் மேகமூட்டமான காலையில் நமக்கு முகம் காட்டும் இலையின் மேற்புறம் பச்சையாக இருப்பதில்லை, சாம்பல் கலந்த வெளிர்நீலமாக இருக்கிறது. அதே மரத்தில் வெயில் ஊடுருவி வரும் இலையை அடியிலிருந்து பார்த்தால் அது கிளிப்பச்சை, ஏறக்குறைய மஞ்சள். இவ்விரண்டுக்கும் இடையில் எந்த ஒளியும் நேராகப் படாத இலைத்திரள் பாசிப்பச்சையிலிருந்து பழுப்புக் கலந்த கருமைக்குப் போகிறது. ஒரே கிளையில் இந்த மூன்றும் இருக்கும். நம் சேலைக் கடைக்காரருக்குப் பச்சையில் எத்தனை பெயர்கள் தெரிகின்றன என்று ஜார்ஜ் டவுனின் லெபு பாசார் தெருவில் ஒரு கடையில் நின்று கேட்டுப் பாருங்கள். அவ்வளவு பெயர் வைத்திருக்கும் மொழிக்காரர்களாகிய நாம், தாளில் வந்ததும் ஒரே குழாயைப் பிதுக்குகிறோம்.

நான்காவதாக ஒன்றும் உண்டு. நம் காட்டு மரங்களில் பல, தளிர் விடும்போது சிவப்பாகவோ செம்பு நிறமாகவோ விடுகின்றன; ஜம்பு, நாவல் இனத்தைச் சேர்ந்த, மலாயில் கெலாட் என்று அழைக்கப்படும் மரங்களில் இதைத் தெளிவாகக் காணலாம். மாந்தளிர் நிறம் என்று நாம் சொல்வது இதைத்தான். பச்சைக்கு நேர் எதிரான நிறத்தைக் காடே எடுத்துக் கொடுக்கும்போது அதைத் தேடிப் பிடித்து இரண்டு இடத்தில் வைத்தாலே, சுற்றியுள்ள பச்சைகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

அடுத்தது இருள். அடர்ந்த மழைக்காட்டில் கூரைக்கு மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 2 விழுக்காடுதான் தரையை எட்டுகிறது. பூங்கா அவ்வளவு அடர்த்தியானது அன்று என்றாலும், அருவியை நோக்கிப் போகும் பள்ளத்தாக்கின் ஓரத்தில் இதை உணரலாம். ஆனால் நம் கண் ஏமாற்றும். நிழலை உற்றுப் பார்க்கும்போது பாவை விரிந்து, அங்குள்ள ஒவ்வொரு வேரையும் சருகையும் நமக்குக் காட்டிவிடுகிறது. கைப்பேசிப் படமோ அதற்கும் மேலே போய், இருளை வெளுக்கவும் வானத்தை மங்கவும் செய்து எல்லாவற்றையும் ஒரே அளவு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடும். புகைப்படத்தில் பழகியவர் நேரில் வந்ததும் தடுமாற இதுவே பெரிய காரணம். கண்ணைப் பாதி மூடிப் பார்த்து, உள்ளங்கையளவு தாளில் வெள்ளை, சாம்பல், கருமை என்ற மூன்றே நிலைகளில் ஐந்து நிமிடக் கரிக்கோல் குறிப்பு ஒன்றைப் போடாமல் தூரிகையைத் தொடாதீர்கள். அந்தக் குறிப்பு சரியாக அமைந்தால், எந்தப் பச்சையை வைத்தாலும் படம் நிற்கும்.

எதை வரைவது என்பதில் ஒரு பழைய உதாரணம். கேப்டன் ராபர்ட் ஸ்மித் என்ற பொறியாளர் வரைந்த பத்துப் பினாங்குக் காட்சிகளை வில்லியம் டேனியல் அச்சுச் செதுக்கோவியங்களாக 1821-இல் கொண்டுவந்தார். தீவில் காடு மண்டியிருந்த காலத்தில் ஸ்மித் ஒரு காட்சிக்குத் தேர்ந்தெடுத்தது ஒரே ஒரு பெருமரத்தை. காடு முழுவதையும் வரைய முயன்றால் யாருக்கும் அடங்காது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவை அதற்குப் பின்னணியாகத் தாமே ஒதுங்கும். 1884-இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் பொறுப்பேற்று உருவாக்கிய நம் பூங்காவில் நாகலிங்க மரங்கள் இதற்கு மிகப் பொருத்தமானவை. பூவும் காயும் அடிமரத்திலேயே தொங்குவதால் கண் போய் நிற்க ஓரிடம் கிடைக்கிறது. தூங்குமூஞ்சி மரமும் நல்லதுதான், ஆனால் அது மாலையிலும் மழை கறுக்கும்போதும் இலையை மடக்கிக்கொள்ளும். மலாய்க்காரர்கள் அதைப் 'புக்குல் லீமா', அதாவது ஐந்து மணி, என்று அழைப்பது இதனால்தான். பாதிப் படத்தில் மரத்தின் அடர்த்தியே மாறிப் போனதைக் கண்டு நான் விழித்த நாள்களும் உண்டு. கோலாலம்பூரில் இருப்போர் கெப்போங் வன ஆய்வுக் கழகத்துக்குப் போனால், அங்குள்ள கபூர் மரங்களின் உச்சிகள் ஒன்றை ஒன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்பதை அண்ணாந்து பார்த்து வரையலாம். அங்கே வானம்தான் கோடு, இலை வெறும் நிரப்பு.

இனி, கலப்பு ஊடகம், அதாவது ஒரே படத்தில் பலவகை வண்ணங்களைச் சேர்ப்பது. என் கருத்து இதுதான்: நம் ஊரில் இது பாணிக்காகச் செய்யும் வேலையன்று, ஈரக்காற்றுக்கு நாம் சொல்லும் மறுமொழி. குளிரூட்டிய அறையில் ஐந்து நிமிடத்தில் காயும் ஒரு நீர்ப்பூச்சு, மழை பெய்த மறுநாள் காலை, காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும்போது, மரநிழலில் அரைமணி நேரம் வரை ஈரமாகவே கிடந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். நீர்வண்ணத்தைப் பிணைப்பது வேலம்பிசின். அது காய்ந்த பின்னும் தண்ணீர் பட்டால் கரையும். எனவே பாதி காய்ந்த அடுக்கின் மேல் அடுத்த பச்சையை வைத்தால் கீழுள்ளது எழுந்து வந்து கலக்கிறது, அதன் மேல் மூன்றாவதும் கலக்கிறது. நண்பரின் மசியலில் பாதி இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும். அக்ரிலிக்கின் பிணைப்பு வேறு வகை. நீர் ஆவியானதும் நெகிழித் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஏடாகிவிடும், பிறகு தண்ணீருக்குக் கரையாது. ஈரக்காற்றில் அதுவும் மெதுவாகத்தான் காய்கிறது, ஆனால் ஒருமுறை காய்ந்துவிட்டால் அதன் மேல் எத்தனை முறை ஈரத் தூரிகையை ஓட்டினாலும் அசையாது. ஆகவே அடியில் போகும் அடுக்குகளை நீர் போல் கரைத்த அக்ரிலிக்கிலோ அக்ரிலிக் மையிலோ போட்டுப் பூட்டிவிட்டு, மேலே நீர்வண்ணத்தை ஓட்டுவது வெளிப்புறத்தில் எனக்குக் கைகொடுத்த வழி. ஒரே எச்சரிக்கை: அக்ரிலிக் தடிப்பாகிப் பளபளக்கத் தொடங்கினால் அதன் மேல் நீர்வண்ணம் உருண்டு ஓடும், பேஸ்டலும் பிடிக்காது.

காத்திருக்காமல் வேலை செய்ய இன்னொரு வழி மெழுகு. வெள்ளை மெழுகுவர்த்தியின் முனையை உலர்ந்த தாளில் தேய்த்தால் அந்த இடம் நீரை ஏற்காது. இலைகளின் ஊடே தெறிக்கும் ஒளிப்புள்ளிகள், மரப்பட்டையின் சொரசொரப்பு, அருவி நீரின் வெண்மை ஆகிய மூன்றுக்கும் இதைவிட எளிய வழி தெரியவில்லை. இது நமக்குப் புதிதன்று. மெழுகால் மறைத்துச் சாயமேற்றும் பாத்தேக் துணியில் மெழுகு செய்யும் அதே வேலைதான். அந்தத் துணித் தொழிலை ஓவியக் கலையாக்கிய முன்னோடியான சுவா தியான் தெங், 2008-இல் மறையும் வரை வாழ்ந்தது இந்தப் பினாங்கில்தான். மெழுகைத் தேய்த்த பின் திரும்பப் பெற முடியாது என்பதால் கரிக்கோல் குறிப்பைப் பார்த்து, வேண்டும் என்று நினைப்பதில் பாதியளவு மட்டும் தேய்க்க வேண்டும்.

எண்ணெய்ப் பேஸ்டல் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது, அதிலுள்ள எண்ணெய் காயும் வகையைச் சேர்ந்தது அன்று. பத்து ஆண்டு கழித்தும் விரலில் ஒட்டும். அதன் மேல் அக்ரிலிக்கைப் பூசினால் பிடிமானம் இல்லாமல் பிறகு உரியும். எண்ணெய்ப் பேஸ்டலுக்கு மேல் அக்ரிலிக் கூடாது, அக்ரிலிக்குக்கு மேல் எண்ணெய்ப் பேஸ்டல் வரலாம் என்ற ஒரு விதியை மட்டும் மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணப் பேஸ்டல் இதற்கு மாறானது. அது வெறும் பொடி. தாளின் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு நிற்பது. ஈரத் தாளில் வைத்தால் சேறாகிப் பள்ளங்களை அடைத்துவிடும். எனவே அதை எல்லாவற்றுக்கும் கடைசியில், தாளின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்துக் குளிர்ச்சி தெரியாத போது மட்டும் பயன்படுத்த வேண்டும். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. கொடிமலை உச்சியில் மூடுபனி இறங்கும் காலைகளில் அந்தக் குளிர்ச்சி விலகவே விலகாது. அங்கே பேஸ்டலை விட்டுவிட்டு வண்ணப் பென்சிலை எடுத்துப் போவேன்.

பேஸ்டலை எப்படி வைப்பது என்பதற்கு மறுபடியும் சேலைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. மயில்கழுத்து நிறப் பட்டில் அந்த நிறத்து நூல் ஒன்றும் கிடையாது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், இரண்டும் கண்ணில் சேர்ந்துதான் மயில்கழுத்தாகிறது, அசைத்தால் மாறுகிறது. கருமையான பச்சைப் பூச்சு காய்ந்த பின், பேஸ்டலின் பக்கவாட்டை மிக லேசாக இழுத்து, அடியிலிருப்பது இடையிடையே தெரியும்படி ஒரு வெளிர்நீலத்தையோ காவியையோ விட்டால் இலைத்திரளுக்கு அந்த உயிர் வருகிறது. அதைவிடப் பெரிய தவறு கிடையாது என்று நான் கருதுவது, விட்ட பேஸ்டலை விரலால் தேய்ப்பது. தேய்த்தால் ஊடும் பாவும் கலந்து மறுபடியும் மசியல்தான்.

நிறங்களைப் பொறுத்தவரை, ஆயத்தப் பச்சைகள் நான்கு வாங்குவதைவிட, தாலோ பச்சை ஒன்றை மட்டும் வாங்குங்கள், குழாயில் பி.ஜி. 7 என்று நிறமிக் குறியீடு இருக்கும். தனியாக அது இந்த உலகில் எந்த இலையிலும் காணக்கிடைக்காத, மருந்துப் புட்டி நிறம். ஆனால் குயினாக்ரிடோன் சிவப்பு ஒன்றைச் சேர்த்தால் கறுப்பைவிட ஆழமான, உயிருள்ள இருள் கிடைக்கும், மஞ்சள் சேர்த்தால் கிளிப்பச்சை, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைச் சேர்த்தால் பாசிப்பச்சை. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து வரும் சாம்பல்கள் அடிமரங்களுக்குப் போதும். சிவப்பில் பழைய அலிசரின் கிரிம்சனை, அதாவது பி.ஆர். 83 என்ற குறியீடு உள்ளதை, தவிர்த்துவிடுங்கள். அது வெளிச்சத்தில் மங்கும் என்பது நன்கு நிறுவப்பட்டது. இவற்றோடு மஞ்சள் காவி ஒன்று. தாள் முழுவதும் முதலில் மெல்லிய மஞ்சள் காவியை ஓட்டிவிட்டு அதன் மேல் பச்சைகளை அடுக்கினால், வெயிலின் வெம்மை அடியிலிருந்தே வருகிறது. கறுப்பு மை வேண்டுமானால் காய்ந்த பின் கரையாத வகையா என்று தாளின் ஓரத்தில் கோடு இழுத்து நனைத்துப் பார்த்து வாங்குங்கள். நீர்புகாத மை என்று எழுதியிருப்பவற்றில் அரக்கு கலந்தவற்றை மைக்கூடு உள்ள பேனாவில் ஊற்றினால் பேனா அடைத்துப் போகும். மையில் தொட்டு எழுதும் முள்பேனா போதும்.

தாளில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள், முழுத் தாளில் கால் பங்கு, அதாவது 28க்கு 38 சென்டிமீட்டர் அளவு, வெளியே வரையச் சரியாக இருக்கும். நீர்வண்ணத் தாளுக்கு உறிஞ்சும் தன்மையைக் கட்டுப்படுத்தும் ஒரு பூச்சு உண்டு. நம் ஈரத்தில் மாதக்கணக்கில் திறந்து கிடக்கும் தாளில் அந்தப் பூச்சு இடையிடையே கெட்டு, வண்ணம் வைத்ததும் மை ஒற்றும் தாள்போலப் புள்ளி புள்ளியாக உறிஞ்சும். பலர் இதைத் தங்கள் கைப்பிழை என்று நினைத்து வருந்துகிறார்கள். காற்றுப் புகாத பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு தாளை வைத்தால் இது பெருமளவு குறையும்.

நேரத்தைப் பற்றி. தீபகற்பத்தில் கடிகாரத்தை 1982-இல் அரை மணி நேரம் முன்னே தள்ளியதால், நமக்கு விடிவதே ஏழு மணிக்குப் பிறகுதான். மரங்களுக்கு அடியில் வரையத்தக்க ஒளி ஏறக்குறைய 7.45-க்கு வருகிறது, பத்து மணிக்கெல்லாம் சூரியன் மேலேறி நிழல்கள் மரத்தடியில் ஒடுங்கிவிடுகின்றன. கையில் இருப்பது இரண்டு மணி நேரம்தான். நான் இரண்டு பலகைகளில் இரண்டு தாள்களை ஒட்டி எடுத்துப் போவேன். ஒன்று காயும்போது மற்றதில் வேலை நடக்கும். பொறுமையில்லாமல் ஒரே தாளைக் கிளறுவதை இது தடுக்கிறது. தாள் நிழலில் இருக்க வேண்டும், வெயில் பட்ட வெள்ளைத் தாளில் எல்லாம் வெளுப்பாகத் தெரிவதால் நாம் அளவுக்கு மீறிக் கருமை சேர்ப்போம், வீட்டில் வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். மடக்கும் முக்காலியும் மடிமேல் பலகையும் போதும். படப்பலகையைத் தாங்கும் ஈசல் வேண்டாம் (மழைக்குப் பின் பறப்பதைச் சொல்லவில்லை, அது அழைக்காமலே வந்து ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்).

குரங்குகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பூங்காக் குரங்குகளுக்கு நெகிழிப் பையின் சலசலப்பு என்றால் உணவு என்று பொருள். ஒருமுறை என் வெள்ளைக் குவாஷ் (ஒளிபுகா நீர்வண்ணம்) குழாயை ஒன்று பிடுங்கிக்கொண்டு கிளையேறிக் கடித்துத் துப்பியது. அன்றிலிருந்து எல்லாம் துணிப்பைக்குள்தான். வண்ணம் கரைத்த தண்ணீரை ஓடையில் கொட்டாமல் புட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். அக்ரிலிக் தண்ணீர் என்பது நெகிழித் துகள்கள் கலந்த தண்ணீர்தான்.

வரைந்ததைப் பாதுகாப்பதில்தான் என் அறிவு குறைவு, இழப்பு அதிகம். ஒருமுறை மழைக்கு அஞ்சி, முழுவதும் உலராத நான்கு படங்களை நெகிழி உறையில் வைத்து மூடி, அப்படியே அலமாரியில் மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம் பூத்திருந்தது, ஒன்றையும் மீட்க முடியவில்லை. இப்போதெல்லாம் மின்விசிறிக்குக் கீழே ஓர் இரவு திறந்து வைத்த பிறகே அடுக்குகிறேன். பேஸ்டல் உள்ள படத்தைக் கண்ணாடியில் ஒட்டாதபடி நடுவே அட்டைச் சட்டம் வைத்துச் சட்டமிட வேண்டும் என்பதில் ஐயமில்லை; ஒட்டினால் பொடி கண்ணாடிக்குப் போகும், ஈரமும் அங்கே தங்கும். பேஸ்டலை நிறுத்த விசிறும் திரவத்தைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்பதில் பழகியவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது வெளிர் நிறங்களைக் கறுக்கச் செய்வதைக் கண்ணால் கண்டதால் நான் தவிர்க்கிறேன். கை படும் இடங்களில் வைத்து விற்பவர்களுக்கு அது தேவைப்படலாம்.

ஆகவே, அடுத்த முறை வரும்போது, வீட்டிலுள்ள நீர்வண்ணங்களோடு தாலோ பச்சை ஒரு குழாய், குயினாக்ரிடோன் சிவப்பு ஒரு குழாய், காவி நிற அக்ரிலிக் மை ஒரு புட்டி, வெளிர்நீலம், காவி, மாந்தளிர்ச் சிவப்பு ஆகிய நிறங்களில் மூன்றே சுண்ணப் பேஸ்டல்கள், ஒரு மெழுகுவர்த்தி, கொசுத் தைலம் ஆகியவற்றை மட்டும் கூடுதலாகக் கொண்டு வாருங்கள். எண்ணெய்ப் பேஸ்டலும் கறுப்பு மையும் மூன்று மாதம் கழித்துச் சேரட்டும். பினாங்கில் மழை குறைவாக இருப்பது பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. செப்டம்பர், அக்டோபரில் தொடங்கினால் மனம் தளர்ந்துவிடும். அந்த நல்ல மாதங்களிலும் தைப்பூசத்தை ஒட்டிய மூன்று நாள்கள் தண்ணீர்மலைப் பக்கம் பலகையோடு வர வேண்டாம், சாலை நெடுகிலும் காவடியும் கூட்டமுமாக இருக்கும். அந்த நாள்களில் நானும் வரைவதில்லை. தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் மோர் ஊற்றிக்கொண்டிருப்பேன்.